நேரலையில் விருந்தினர் குரல் இரட்டித்து ஒலித்ததைச் சரிசெய்த விதம்

காணொளி அழைப்பில் பேசும் விருந்தினரின் குரலை ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருள் வழியாக நேரலைக்கு அனுப்பியபோது, அது சிறு இடைவெளியில் இரண்டு முறை கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலித்ததால் நல்ல உரை கேட்பவர்களைச் சென்றடையவில்லை. விபி-கேபிள் என்ற மெய்நிகர் ஒலி இணைப்பை நிறுவி, அழைப்புச் செயலியின் ஸ்பீக்கராகக் ‘கேபிள் இன்புட்’டையும், ஓபிஎஸ்ஸின் ஆடியோ இன்புட் கேப்சரில் ‘கேபிள் அவுட்புட்’டையும் தேர்ந்தெடுத்திருந்தேன். அதில் பிழையில்லை. நானும் கேட்பதற்காக அந்த ஒலிமூலத்துக்கு ‘மானிட்டர் அண்ட் அவுட்புட்’ (நேரலைக்கும் என் ஹெட்போனுக்கும் ஒலியை அனுப்பும் அமைப்பு) வைத்திருந்ததால், ஹெட்போனுக்குச் சென்ற ஒலியை, கணினியில் ஒலிப்பதையெல்லாம் பிடிக்கும் ஓபிஎஸ்ஸின் ‘டெஸ்க்டாப் ஆடியோ’ மறுபடியும் பிடித்து நேரலையில் சேர்த்துக்கொண்டிருந்தது. செட்டிங்ஸில் ஆடியோ பகுதிக்குச் சென்று டெஸ்க்டாப் ஆடியோவை ‘டிசேபிள்டு’ ஆக்கியதும் குரல் தெளிந்தது.

நாம் ஓட்டும் காணொளியின் ஒலி விருந்தினருக்கும் கேட்கவேண்டுமானால் அழைப்பின் மைக்காக வைக்க இரண்டாவது மெய்நிகர் கேபிள் அவசியம். முதல் கேபிளையே அழைப்பின் மைக்காக வைத்தால், அவருடைய குரல் அவருக்கே திரும்பிச் சென்று பேச்சைத் தடுமாறச் செய்யும்.