முறைவைத்து இரவு உணவைப் பகிரும் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக்கொண்டு இரவுச் சமையலைப் பகிர்ந்துகொள்வது மிக நல்ல ஏற்பாடு. நான்கு வீடுகள் என்றால், திங்கள் முதல் வியாழன் வரை ஒரு வீட்டுக்கு ஒரு மாலைதான் அடுப்படி வேலை. இத்தகைய ஏற்பாடு கலைந்துபோனால், அதற்குச் சமையலின் ருசியைவிடத் தொடக்கத்தில் பேசிவைக்காத சில விஷயங்களே பெரும்பாலும் காரணமாகின்றன.

அவற்றில் முதன்மையான தவறு, தன் முறை வரும் நாளை விருந்து நாளாக நினைப்பது. ஒரு வீட்டிலிருந்து வடை பாயசத்தோடு சாப்பாடு வந்துவிட்டால், அடுத்த வீட்டார் மிளகு ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் மட்டும் அனுப்பக் கூச்சப்படுவார்கள். வேலையைக் குறைக்க வந்த ஏற்பாடு வேலையைக் கூட்டிவிடும். ஒரு குழம்பு, ஒரு பொரியல் அல்லது கூட்டு, அதற்கு மேல் வேண்டாம் என்று முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது நம் வீடுகளில் ஊறிய, அன்பான பழக்கம்தான். ஆனாலும் இங்கே அதற்கு விலக்கு அளிக்காவிட்டால், உள்ளே போட்டுத் தர ஏதுமில்லை என்பதற்காகவே கழுவிய தூக்குகள் வாரக்கணக்கில் அலமாரியில் தங்கிவிடும்.

சோற்றையும் சேர்த்து அனுப்ப முனைவது அடுத்த தவறு. வீட்டுக்கு நால்வர் என்று நான்கு வீட்டுக்கும் சேர்த்துப் பதினாறு பேருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ அரிசி வேண்டும். அரிசி, பருப்பு போன்று உப்பிப் பெருகும் பொருள்களைத் தண்ணீரோடு சேர்த்துக் குக்கரின் பாதி அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதால், 5 லிட்டர் குக்கரில் இரண்டு மூன்று ஈடு வைக்க நேரும். சோறு அவரவர் வீட்டில் வெந்தால் போதும். குழம்பை நான்கு வீட்டுக்குக் கூட்டும்போதும் உப்பு, புளி, தண்ணீர் மூன்றையும் அப்படியே நான்கு மடங்காக்கிவிடாமல், குறைவாகத் தொடங்கிக் கொதி வந்தபின் ருசி பார்த்துச் சேர்ப்பதே நல்லது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் அவ்வளவாகச் சுண்டாது.

உடல்நலத்தைப் பாதிக்கக்கூடிய தவறு, காலையிலேயே சமைத்து மாலை வரை மேடையில் வைத்துவிடுவது. 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் விரைவாகப் பெருகும் என்பதால், சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. தக்காளி சாதம் போன்ற கலந்த சாதங்களில் இன்னும் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கக்கூடிய பாசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தப்பிப் பின்னர் பெருகக்கூடியவை, அது உண்டாக்கும் ஒருவகை நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. முன்கூட்டிச் சமைக்கத்தான் வேண்டும் என்றால், அகலமான தட்டுகளில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, கொடுக்கும்முன் ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். தேங்காய்ச் சட்டினியை அந்தந்த நேரத்தில் அரைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஒவ்வாமை உள்ளவர்களைப் பற்றிக் கேட்காமல் விடுவதும் ஆபத்தானது. குருமாவில் அரைத்து விட்ட முந்திரியும் தாளிப்பில் சேர்ந்த நல்லெண்ணெயும் கண்ணுக்குத் தெரியாதவை. கடையில் விற்கும் கட்டிப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கோதுமை ஒவ்வாதவருக்கு ஒரு சிட்டிகைகூடத் தொல்லை தரலாம். புரட்டாசியில் அசைவம் தொடாதவர்கள், ரமலான் மாதத்தில் உணவு நேரம் மாறுகிறவர்கள், பூண்டு வெங்காயம் சேர்க்காத நாள்கள் ஆகியவற்றையும் ஒரே தாளில் எழுதி ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் ஒட்டிவைக்கலாம். கொடுப்பதற்கு மட்டும் தயாராக இருந்து, பிற வீட்டுச் சமையலை வாங்கத் தயங்குகிற குடும்பத்தைத் தாட்சண்யத்துக்காகச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தயக்கம் எதிர்வீட்டாரை ஆழமாகப் புண்படுத்தும்.

முறை என்பது வீட்டுக்கு உரியதாக இருக்க, அதை அந்த வீட்டுப் பெண்ணின் கடமையாகவே எல்லோரும் எடுத்துக்கொள்வது பெரும் அநியாயம். காய் நறுக்குவதும் தூக்குகளை மாடி மாடியாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் ஆண்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் முடியாத வேலைகள் அல்ல. காய்ச்சல், தேர்வு, அலுவலக வேலை என்று சமைக்க இயலாத நாளில், முந்தைய இரவே சொல்லிவிட்டால் அவரவர் வீட்டில் ஆளுக்கு இரண்டு தோசை ஊற்றிக்கொள்ளலாம். பிறகு ஈடுகட்ட வேண்டிய கடனாக அதை யாரும் கணக்கில் வைக்க வேண்டாம்.