ஒரே அச்சில் வார்த்த டிஸ்க் ஏன் ஒரே மாதிரி பறப்பதில்லை?

பெசன்ட் நகர் கடற்கரையில் அல்டிமேட் (பறக்கும் டிஸ்க்கை எறிந்து பிடிக்கும் குழு ஆட்டம்) ஆடிப் பழகியவர்கள், டிஸ்க்கைக் கூடையை நோக்கி எறியும் டிஸ்க் கால்ஃபுக்கு வந்ததும் ஒரு விஷயத்தில் குழம்பிப்போவார்கள். கைக்குப் பழகிய டிஸ்க் தொலைந்துவிடும். அதே பெயர், அதே எடை, அதே பிளாஸ்டிக் பார்த்து இன்னொன்று வாங்குவார்கள். பழையது நேராகப் போனது. புதியது பாதி வழியிலேயே இடப்பக்கம் சாயும். உடனே தங்கள் கையைத் திட்டிக்கொள்வார்கள். கையும் காரணமாக இருக்கலாம், அது வேறு கதை.

அச்சு ஒன்று என்றால் டிஸ்க்கும் ஒன்றுதான் என்று நம்புவதே முதல் தவறு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதாவது ஒரு மோல்டிங் பட்டறையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். ஹாப்பர் என்கிற புனலில் கொட்டிய பிளாஸ்டிக் குருணை, பேரல் என்கிற சூடான குழாயில் உருகி, அழுத்தத்தோடு அச்சுக்குள் பாய்ந்து, இறுகி, வெளியே விழும். வாளி மூடியோ டிஸ்க்கோ, சங்கதி ஒன்றுதான். விழும்போது உள்ளே இன்னும் சூடு இருக்கும். மேசையில் கிடந்தபடியே அது சுருங்கும். 21 செ.மீ. டிஸ்க் நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கினாலே 2 மி.மீ. போய்விடும். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே சீராகச் சுருங்காது. மெல்லிய நடுப்பகுதி முதலில் இறுகிவிடும். தடித்த விளிம்பு பின்னால் ஆறிச் சுருங்கி அதை நெருக்கும். நெருக்கினால் நடு மேலே புடைக்கும். அச்சிலிருந்து சில நொடி முந்தி எடுத்தால் ஒரு புடைப்பு, பிந்தி எடுத்தால் இன்னொன்று; பறத்தலும் அதற்கேற்ப மாறும். கலக்கிற நிறமிகூட சுருக்கத்தை மாற்றும். சிவப்பும் நீலமும் வெறும் நிற வித்தியாசம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது, எடையை மட்டும் பார்த்து வாங்குவது. விட்டத்தின் ஒவ்வொரு செ.மீ.க்கும் 8.3 கிராம் என்பது டிஸ்க் கால்ஃபுக்கு விதி வகுக்கும் சங்கமான பிடிஜிஏ வைத்திருக்கும் உச்ச வரம்பு, 21.2 செ.மீ. டிஸ்க் 175 கிராமைத் தொடுவது அந்தக் கணக்கில்தான். ஆனால் எடை, எவ்வளவு பிளாஸ்டிக் இருக்கிறது என்றுதான் சொல்லும். அது எந்த வடிவத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லாது. அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு தெரியும். இரண்டு டிஸ்க்கைச் சமமான மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தக் கோட்டின் உயரத்தை ஒப்பிடுங்கள். மேலே இருப்பது பெரும்பாலும் சீக்கிரம் சாயும். ஆன்லைனில் வாங்கினால் பக்கவாட்டில் ஒரு படம் கேளுங்கள், கொடுக்கிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள்.

சரி, நாமே இங்கே வார்த்துப் பார்க்கலாமே என்று நினைப்பவர்களுக்கு: விலை கூடின டிஸ்க்குகளில் பல, ரப்பர் போல வளையும் டிபியு என்ற பிளாஸ்டிக் வகை. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? உலர்த்தாமல் ஹாப்பரில் கொட்டினால் வெள்ளிக் கோடு, குமிழி, வலுவில்லாத டிஸ்க்.

அப்புறம் கார். சித்திரை வெயிலில் மூடிய காரில் பையோடு விட்டுவிட்டு, கோணிப்போனதும் தயாரித்தவரைத் திட்டக்கூடாது. நான் அப்படி ஒன்றைக் கெடுத்திருக்கிறேன். வெந்நீரில் போட்டெடுத்து, தரையில் வைத்துப் புத்தகங்களை அடுக்கினேன். தட்டையானது; பழைய பறத்தல் மட்டும் திரும்பவில்லை.