பழைய எச்.எம்.டி. வாட்ச் வாங்கும் முன்

எச்.எம்.டி. ஜனதா, பைலட் போன்ற பழைய வாட்சுகளைத் தேடுகிறீர்களா? முதலில் டயலைச் சந்தேகப்படுங்கள். ஜப்பானின் சிட்டிசன் துணையோடு 1961இல் பெங்களூரில் தொடங்கிய தயாரிப்பு இப்போது பழையபடி இல்லை. அதனால் பழைய டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து விற்பது நிறைய நடக்கிறது. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, கிளிப்பச்சை என்றால் உஷார். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள்: எழுத்தின் ஓரம் கசிந்தோ நிமிடக் கோடுகள் கோணலாகவோ இருந்தால் பெரும்பாலும் மறுபூச்சுதான். லேசாக மங்கிப் புள்ளி விழுந்த அசல் டயலுக்கே என் ஓட்டு.

அப்புறம், பின்மூடியைத் திறந்து இயந்திரத்தில் துரு இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். விற்பவர் மழுப்பினால் நடையைக் கட்டுங்கள்.