ப்ராக்ஸ்மாக்ஸ் 7-லிருந்து 8-க்கு: பிங் வராத இரவு

ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை (வி.எம்.) ஓட்ட உதவும் மென்பொருள் ப்ராக்ஸ்மாக்ஸ். அதன் 7-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜூலையோடு முடியவிருந்ததால், அலுவலக சர்வரை 8-க்கு மாற்ற ஒரு சனிக்கிழமை இரவைத் தேர்ந்தெடுத்தேன். அடியில் இருக்கும் டெபியன் லினக்ஸும் 11-லிருந்து 12-க்குப் போகும். சாதாரண அப்டேட் இல்லை இது.

முதலில் எல்லா வி.எம்.களையும் தனி டிஸ்க்கில் பேக்கப் எடுத்தேன். எடுத்தால் மட்டும் போதாது. ஒன்றை வேறு வி.எம். எண்ணில் ரீஸ்டோர் செய்து, பூட் ஆகி லாகின் வரும்வரை உட்கார்ந்து பார்த்தேன். இந்த இருபது நிமிடத்தைத் தயவுசெய்து யாரும் மிச்சம் பிடிக்காதீர்கள். கூடவே வரும் சோதனை ஸ்கிரிப்ட்டை ஓட்டி, அது காட்டிய எச்சரிக்கைகளைச் சரிசெய்தேன். இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காமல் இருக்க, அப்கிரேடை டிமக்ஸ் என்ற டெர்மினல் கருவிக்குள் ஓட்டினேன்.

ரீபூட்டுக்குப் பிறகு பிங் (சர்வர் நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று கேட்டால் வரும் பதில்) வரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். சரி என்று மானிட்டரையும் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு ரேக்குக்கே போனேன். சர்வர் ஒழுங்காக எழுந்து லாகின் கேட்டு நின்றது. நெட்வொர்க் கார்டுகளைப் பட்டியலிடும் 'ஐபி லிங்க்' கட்டளையைக் கொடுத்ததும் விஷயம் புரிந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் புதிதாக மாறியதில், நெட்வொர்க் கார்டின் பெயருக்குப் பின்னால் 'என்பி0' என்று புதிதாக ஒட்டியிருந்தது. வி.எம்.களை நெட்வொர்க்கோடு இணைக்கும் பிரிட்ஜ் இன்னும் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. நெட்வொர்க் அமைப்புகள் இருக்கும் இன்டர்ஃபேசஸ் கோப்பில் அந்த ஒரு சொல்லை மாற்றி நெட்வொர்க்கை மறுபடி ஏற்றினேன். பிங் வந்துவிட்டது.

அப்புறம், கார்டின் மேக் முகவரியை (அதன் வன்பொருள் அடையாள எண்ணை) வைத்து, கார்டுக்குப் பெயர் சொல்லும் சிஸ்டம்டி லிங்க் கோப்பு ஒன்று எழுதி, பெயரை நிலையாகக் கட்டினேன். அதை அப்கிரேடுக்கு முன்பே செய்திருக்கலாம்.