சேகோ பேக்டரி தண்ணீரில் மட்கும் பிளாஸ்டிக் விளைவிக்கலாம்

சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளிக் கிழங்கில் ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரியைத் தாண்டும்போது மூக்கைப் பொத்துகிறோமே, அந்தப் புளிச்ச வாடைக்குக் காரணமான அமிலங்கள்தான் ஊதா பாக்டீரியாவுக்கு அருமையான தீனி. வெளிச்சத்தில் வளரும் இந்த பாக்டீரியா, தீனி மிதமிஞ்சிக் கிடந்து நைட்ரஜன் மட்டும் தட்டுப்பட்டால், மிச்சத்தை பி.எச்.பி. என்ற மட்கும் பிளாஸ்டிக் மணிகளாக உடம்புக்குள் சேர்த்துக்கொள்ளும். கல்லூரி புராஜெக்டுக்கு இதைவிட நம்ம ஊருக்குப் பொருத்தமான விஷயம் வேறில்லை.

முதலில் வளர்க்க வேண்டும். தொடங்குகிறவர்கள் சேகோ தண்ணீரை விட்டுவிட்டு, லிட்டருக்கு 2 கிராம் சோடியம் அசிடேட் (அமிலத் தீனிக்குப் பதில் இதுதான்), அரை கிராம் அம்மோனியம் குளோரைடு, கொஞ்சம் பொட்டாசியம் பாஸ்பேட், மெக்னீசியம் சல்பேட், துளி ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் போட்டு, பி.எச். 7-க்குக் கொண்டுவந்து, குளத்துச் சேறு ஒரு ஸ்பூன் சேருங்கள். காற்றுக்கு இடமில்லாமல் கழுத்து வரை நிரப்பி மூடி, பழைய குண்டு பல்பு வெளிச்சத்தில், 30 டிகிரி சூட்டில் வையுங்கள். வெள்ளை எல்.இ.டி. சரிப்படாது, இதற்கு வேண்டிய 800 நானோமீட்டருக்கு மேற்பட்ட அகச்சிவப்பு ஒளி அதில் அநேகமாக இல்லை. ஓரிரு வாரத்தில் தண்ணீர் சிவக்கும். பச்சையாகிவிட்டால் பாசி, கொட்டிவிடுங்கள். சிவந்ததில் பத்தில் ஒரு பங்கைப் புது பாட்டிலுக்கு மாற்றி மாற்றி வளர்த்தால் சுத்தமாகிக்கொண்டே வரும்.

பலரும் சிவந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள், உண்மையில் இனிமேல்தான் பிளாஸ்டிக்கே உருவாகப் போகிறது. சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி பாக்டீரியாவைப் பிரித்து, நைட்ரஜன் தரும் அம்மோனியமும் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்டும் இல்லாத, அசிடேட் மட்டும் தாராளமாக உள்ள தண்ணீரில் விட்டு, மறுபடி வெளிச்சத்தில் சில நாள் வையுங்கள். இந்தக் கட்டத்தில் ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் மூடியை இறுக்காமல் ஒரு டியூபைத் தண்ணீருக்குள் விட்டு வாயு வெளியேற வழி செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது. சூடான் பிளாக் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உள்ளே கருப்பு மணிகள் தெரியும்.

அப்புறம் உலர்த்தி, சூடான குளோரோஃபார்மில் கரைத்து, வடிகட்டி, மெத்தனாலில் ஊற்றினால் வெள்ளையாகத் திரியும். இதைக் கல்லூரி லேபில், ஃபியூம் ஹூடுக்குள் (நச்சு ஆவியை வெளியே இழுக்கும் பெட்டி), ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள், வீட்டில் வேண்டவே வேண்டாம்.

கிடைத்ததைப் படலமாக்கினால் அப்பளம் மாதிரி உடையும், அது பி.எச்.பி.யின் குணம். கூடவே புரோப்பியானிக் அமிலமும் கொடுத்தால் வளைந்து கொடுக்கும் ரகம் உருவாகும். புளித்த சேகோ தண்ணீரில் அந்த அமிலமும் இருக்கிறது, அதனால் அசிடேட்டில் கை பழகியதும் அதற்கு மாறுங்கள். மரவள்ளிக் கிழங்கில் சயனைடு உண்டு என்பதால் பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து, சமையல் சோடாவால் புளிப்பைத் தணித்துவிட்டுத் தொடங்குங்கள்.