பழைய மின் ரயில் பொம்மையை மீண்டும் ஓட வைப்பது: உப்புக்காற்று ஊருக்கான செய்முறை

பெட்டியைத் திறந்ததும் எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்துக் கரண்ட் கொடுத்துப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். பல வருடம் சும்மா கிடந்த மோட்டருக்குள் எண்ணெய் பிசின்போல இறுகியிருக்கும். சுழல முடியாத ஆர்மேச்சருக்குள் (மோட்டரில் சுழலும் பகுதி) கரண்ட் பாய்ந்தால் கம்பிச்சுருள் சூடேறிக் கருகிவிடும். கிழக்கிலங்கையின் கல்லடி, காத்தான்குடி, கல்முனை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்வதால் இரும்பில் கறளும் செம்பில் பச்சைக் களிம்பும் சீக்கிரமே பிடிக்கும்.

1. என்ன வகை என்று பாருங்கள்

லண்டனில் இருந்து வந்த பெட்டி என்றால் பெரும்பாலும் ஹோர்ன்பி டப்ளோ அல்லது ட்ரை-ஆங். இரண்டுக்கும் 12 வோல்ட் டிசி (ஒரே திசையில் பாயும் கரண்ட்). சுவிஸ், ஜேர்மனிப் பக்கமிருந்து வந்த பழைய மார்க்லினும் அமெரிக்க லயனலும் ஏசியில் (திசை மாறி மாறிப் பாயும் கரண்ட்) ஓடுபவை. டிசி எஞ்சினுக்கு ஏசி கொடுத்தால் அது நகராது, உறுமிக்கொண்டு சூடாகும்.

அமெரிக்க ட்ரான்ஸ்போமர் 120 வோல்டுக்குச் செய்தது. நம் வீட்டு 230 வோல்டில் செருகினால் எரிந்துபோகும். பழைய பிரித்தானிய ட்ரான்ஸ்போமரிலும் வயரின் றப்பர் வெடித்து உதிர்ந்திருக்கும். பழையதை அலுமாரியில் அழகுக்கு வைத்துவிட்டு, டிசி எஞ்சினுக்கு வேகம் கூட்டிக் குறைக்கக்கூடிய புதிய 12 வோல்ட் டிசி கன்ட்ரோலர் வாங்குங்கள். 1 அம்பியர் போதும்.

இனி வருவது எக்ஸ்-04 மோட்டர் உள்ள ட்ரை-ஆங் எஞ்சினுக்கானது.

2. மேல்கூட்டைக் கழற்றுதல்

திருகாணி கறள் பிடித்திருந்தால் பலவந்தம் வேண்டாம். ஒரு துளி எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். பிளாஸ்டிக் கூட்டை ஆறிய சவர்க்காரத் தண்ணீரில், மென்மையான பிரஷால் கழுவுங்கள். சுடுதண்ணீரில் அது நெளியும், ஸ்பிரிட் பட்டால் அச்சிட்ட இலக்கங்கள் அழியும். பெயின்ட் உரிந்திருந்தாலும் மீண்டும் பூசாமல் இருப்பதே நல்லது. பழைய பெயின்ட்தான் அதன் பெறுமதி.

3. மோட்டர்

நேரம் எடுத்துச் செய்யவேண்டிய இடம் இது. ஆர்மேச்சரை வெளியே எடுக்காதீர்கள். எடுத்தால் காந்தம் பலம் குறையும். பிறகு எஞ்சின் கூடுதல் கரண்ட் இழுக்கும், சூடாகும், பெட்டிகளை இழுக்கத் திணறும். இருந்த இடத்திலேயே சுத்தம் செய்யலாம்.

மோட்டருக்குள் கரண்ட் கொண்டுபோகும் சின்னக் கரித்துண்டுகளுக்கும் பிரஷ் என்றுதான் பெயர். பிரஷ் ஸ்பிரிங்கை மெல்ல விலக்கி இரண்டு பிரஷையும் எடுங்கள். ஸ்பிரிங்கின் ஒரு காலில் சின்னதாக ஒரு காப்புக் குழாய் இருக்கும். அது எந்தக் காலில் இருந்தது என்று முதலே போனில் படம் எடுத்துவையுங்கள். அது தொலைந்தாலோ கால் மாறினாலோ ஷோர்ட் ஆகும். தொடக்கக்காரரின் எஞ்சின் ஓடாமல் போவது அநேகமாக இதனால்தான்.

கொமியூட்டேட்டரை (ஆர்மேச்சரில் பிரஷ் உரசும் மூன்று துண்டுச் செப்புப் பகுதி) ஐசோபுரோப்பைல் அல்கஹோல் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். கை கழுவும் சனிட்டைசர் ஜெல் வேண்டாம், அதில் உள்ள கிளிசரின் ஒட்டிக்கொள்ளும். மூன்று துண்டுகளுக்கும் இடையிலான பிளவுகளில் கரித்தூள் அடைந்திருக்கும். பல்லுக்குத்தும் குச்சியால் கிளறி எடுங்கள். ஊசியால் கிளறினால் செம்பு கீறுப்படும்.

பிரஷ் வெளியே இருக்கும்போதே மல்டிமீற்றரால் துண்டுகளின் மின்தடையை இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். மூன்று அளவீடுகளும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு துண்டில் மட்டும் கரண்ட் பாயவே இல்லையென்றால் சுருளின் நுனி ஈயப்பற்று விட்டிருக்கலாம், திரும்பப் பற்றவைக்கலாம். ஒரு அளவீடு மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால் உள்ளே சுருள் கருகியிருக்கிறது.

தேய்ந்து குட்டையான பிரஷை மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஸ்பிரிங்கே கொமியூட்டேட்டரை உரசும். தண்டின் இரு முனையிலும் தையல் மெசின் எண்ணெய் ஒவ்வொரு துளி, ஊசி நுனியில் எடுத்து. தேங்காய் எண்ணெய் காய்ந்து பிசினாகும். WD-40 என்ற பெயர் எல்லார் வீட்டிலும் உண்டு, ஆனால் இதற்கு அது எண்ணெய் ஆகாது. கொமியூட்டேட்டரில் எண்ணெய் பட்டுவிட்டால் மறுபடி துடையுங்கள்.

4. சில்லும் தண்டவாளமும்

சில்லுகளைக் கையால் உருட்டியபடி அல்கஹோலால் துடையுங்கள். கரண்ட் கொடுத்துக்கொண்டு துடைக்கவே கூடாது, பொறி பறந்தால் தீப்பிடிக்கும். தண்டவாளத்தில் காந்தம் ஒட்டினால் அது இரும்பு. துடைத்து உலரவிட்ட பிறகு எண்ணெய்த் துணியால் ஒரு தடவு, பிறகு உலர்ந்த துணியால் துடைப்பு. சிராய்ப்புத் தாள் போட்டால் கீறல்களில் அழுக்குத் தங்கும். இரும்புக் கம்பளியின் துகள்கள் காந்தத்தில் போய் ஒட்டும்.

இந்தத் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். மட்டக்களப்புக்கு வரும் பாதை 1676 மில்லிமீற்றர்; அதையே இந்த 1:76 (நிஜத்தின் 76இல் ஒரு பங்கு) அளவில் செய்தால் 22 மில்லிமீற்றர் வரும். நம்மூர் ரயிலை அச்சொட்டாகச் செய்ய ஆசைப்படுவோர் கவனிக்கவும்.

5. முதல் ஓட்டம்

4 வோல்டில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். அரை அம்பியர் அளவில் ஓடினால் சரி. 1 அம்பியரை நெருங்கினாலோ மணம் வந்தாலோ நிறுத்துங்கள். பிரஷில் பெரிய பொறி தெரிந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

6. மாரிக்கு முன்

ஐப்பசி பிறக்கும் முன்பே எஞ்சினை இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சி நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஸ்பொஞ்சில் சுற்றாதீர்கள், அது காலப்போக்கில் உருகிக் கூட்டில் ஒட்டும். பருத்தித் துணி போதும். மாதம் ஒருமுறை எடுத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஜெல்லின் நிறம் மாறியிருந்தால் புதுப் பொட்டலம் போடுங்கள்.