ஷவருக்குக் கீழே எந்தக் கல் போடலாம்? கடைக்குப் போகும்போது ஓர் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள்

பழைய வீடுகளின் கிணற்றடியில் துவைக்கிற கல் ஒன்று கிடக்கும். பாட்டி காலத்திலிருந்து சோப்பும் தண்ணீரும் பட்டும் அது அப்படியே இருக்கிறது. அதே வீட்டை இடித்துக் கட்டி, புது பாத்ரூமில் ஆசையாகப் பதித்த கல்லோ ஒரு வருடத்துக்குள் வெளுத்துத் திட்டுத்திட்டாகிவிடுகிறது. எங்கள் வீட்டில் இதுதான் நடந்தது. பச்சை கலந்த சாம்பல் நிறக் கோட்டா கல்லைப் பார்த்துப் பார்த்துப் பதித்தோம். எட்டாவது மாதம் தரையில் உப்புப் படிந்திருக்கிறதே என்று ஆசிட் ஊற்றினோம். நுரைத்துக்கொண்டு வந்தது. காய்ந்த பிறகு பார்த்தால் கல்லின் மேல்பளபளப்பே போயிருந்தது. ஆசிட் ஆகாது என்று கல் விற்றவரும் சொல்லவில்லை, பதித்தவரும் சொல்லவில்லை.

அதனால் நிறத்தையும் விலையையும் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, இந்த வரிசையில் யோசியுங்கள்.

1. முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்

குழாய் முனையிலும் வாளியின் உள்பக்கத்திலும் வெள்ளையாகப் படிகிறதா? அப்படியென்றால் ஷவர் தரையிலும் படியும். போர் தண்ணீர் வரும் பெரும்பாலான வீடுகளில் இதற்கு ஆசிட்தான் வைத்தியம். பாத்ரூம் கழுவ விற்கும் ஆசிடும், டாய்லெட் கழுவும் திரவங்களில் பலவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்தவை. மார்பிள், கோட்டா, கடப்பா, தாண்டூர் கல், ட்ராவர்டைன் எல்லாமே சுண்ணாம்புச் சத்துள்ள கற்கள். அமிலம் பட்டால் கரைவது அவற்றின் இயல்பு. மேலே சீலர் அடித்தாலும் தப்பாது. சீலர் தண்ணீரும் எண்ணெயும் உள்ளே இறங்குவதைத்தான் தடுக்கும். அமில அரிப்பைத் தடுக்காது. சீலர் அடித்துவிட்டால் எல்லாவற்றுக்கும் போதும் என்று கடையில் சொன்னால், இதை நினைவில் வையுங்கள்.

வீட்டில் ஆசிட் பழக்கத்தை விட முடியுமா என்று பாத்ரூம் கழுவுபவரிடமே கேளுங்கள். முடியாது என்றால் கிரானைட் ஒன்றுதான் நான் சொல்லும் கல்.

2. கல்லை அறிந்துகொள்ளுங்கள்

கிரானைட்டுக்கு நாம் தூரமாகப் போக வேண்டியதில்லை; கிருஷ்ணகிரி, ஓசூர், மதுரைப் பக்கங்களிலேயே வெட்டுகிறார்கள். தண்ணீரை மிகக் குறைவாகத்தான் உறிஞ்சும். வீட்டு ஆசிட் அதை எளிதில் அசைக்காது.

ராஜஸ்தானிலிருந்து வரும் கோட்டாவும் ஆந்திராவின் கடப்பா கல்லும் விலை குறைவு, உறுதியானவை. கடப்பாவை சமையலறை ஷெல்ஃபில் எல்லோரும் பார்த்திருப்போம். நல்ல தண்ணீர் வரும் வீட்டில், சாதாரண சோப்பால் மட்டும் கழுவுவதாக இருந்தால் தாராளமாகப் போடலாம்.

மார்க்காபூர்ப் பக்கமிருந்து வரும் ஸ்லேட் கல் பார்க்க அழகு. ஆனால் அது அடுக்கடுக்காக அமைந்த கல். தினமும் நனைந்து காயும் இடத்தில் ஏடு ஏடாகப் பெயரக்கூடும். சிலவற்றில் இரும்புச் சத்து இருப்பதால் துருக்கறையும் வரும். சுவருக்கு ஆசைப்பட்டால் வாங்குங்கள், காலடிக்கு வேண்டாம். வெள்ளை மார்பிளிலும் இரும்புச் சத்து இருந்தால் ஈரத்தில் மஞ்சளாகிவிடும்.

3. வழுக்குமா?

நான் மிகவும் கவலைப்படும் விஷயம் இதுதான். வயதானவர்கள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதை நம் தெருவிலேயே பார்க்கிறோம். பாலிஷ் போட்ட எந்தக் கல்லும் ஷவருக்குக் கீழே வேண்டாம், எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் சரி.

கிரானைட்டில் இரண்டு வகை கேளுங்கள். ஃப்ளேம் ஃபினிஷ் என்பது மேற்பரப்பைத் தீச்சுடரால் சுட்டு, பொரியச் செய்து சொரசொரப்பாக்குவது. நன்றாகப் பிடிக்கும், ஆனால் சோப்பு அழுக்கும் அந்தக் குழிகளில் தங்கும், குழந்தைகளின் காலுக்கும் உறுத்தும். லெதர் ஃபினிஷ் மென்மையாக மேடுபள்ளமாக இருக்கும். அதிலும் பளபளப்பை அதிகமாக விட்டுவைத்த வகை உண்டு, அது சோப்பு பட்டால் வழுக்கும். சுட்டபின் பிரஷ் போட்டு முனை மழுக்கிய கிரானைட் கிடைத்தால் அதுவே எனக்குப் பிடித்தது.

4. கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

சாம்பிள் துண்டு கேட்டு வாங்குங்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே ஃபினிஷில் இருக்க வேண்டும்.

எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் மங்கியிருந்தால் அமிலம் தாங்காத கல். பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். கருமையாக இறங்கினால் உறிஞ்சுகிற கல், சீலர் கட்டாயம். கருப்பு கிரானைட் என்றால் நகச்சாயம் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு கருத்தால் அது சாயம் ஏற்றிய கல். நாணயத்தால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தையாகக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கலாம்.

கடைசியாக, துண்டைத் தரையில் வைத்து ஷாம்பு கலந்த தண்ணீர் ஊற்றி, எதையாவது நன்றாகப் பிடித்துக்கொண்டு வெறுங்காலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் வேடிக்கை பார்த்தால் பார்க்கட்டும்.

5. அளவும் வாட்டமும்

ஷவர் தரைக்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம், அதாவது சரிவு, வேண்டும். தண்ணீர் வடியும் ட்ராப்பிலிருந்து நான்கு அடி தள்ளியிருக்கும் மூலை ஓர் அங்குலம் உயரமாக இருக்கும். ட்ராப் நடுவில் இருந்தால் நாலு பக்கத்திலிருந்தும் சரிய வேண்டும். இரண்டடிக்கு இரண்டடிக் கல் அப்படி வளையாது. அதைக் குறுக்கே வெட்டித்தான் பதிக்க முடியும். 4 அங்குலம் அல்லது அதற்கும் சிறிய துண்டுகள் வாட்டத்தோடு இழைந்து போகும். ஜாயின்ட் அதிகம் என்பதால் காலுக்கும் பிடிப்பு கூடும். பெரிய கல்தான் வேண்டும் என்றால் சுவரோரம் நீளமான ட்ரெயின் வைத்து, ஒரே பக்கமாக வாட்டம் விடச் சொல்லுங்கள்.

6. வாங்குவதும் பதிப்பதும்

ஷவர் தரை மூன்றடிக்கு நான்கடி என்றால் 12 சதுர அடி. சேதாரத்துக்குச் சேர்த்து 14 சதுர அடி வாங்குங்கள், எல்லாம் ஒரே லாட்டில். இயற்கைக் கல் என்பதால் அடுத்த லாரியில் வருவது வேறு நிறமாக இருக்கும். பதிக்கும் முன் தரையில் பரப்பி, நிறம் ஒட்டாத துண்டுகளை ஓரத்துக்குத் தள்ளுங்கள்.

கல் தண்ணீரைத் தடுக்காது. அடியில் வாட்டர்ப்ரூஃபிங் முடித்து, ட்ராப்பை அடைத்துத் தண்ணீர் கட்டி ஒரு முழு நாள் விட்டு, கீழ்வீட்டுக் கூரையைப் பார்த்த பிறகே கல் இறங்க வேண்டும். வெளிர்நிறக் கல்லுக்கு அடியில் வெள்ளை சிமென்ட் சார்ந்த பசை போடச் சொல்லுங்கள். சாதாரண சிமென்ட்டின் கருமை மேலே தெரியும். உறிஞ்சுகிற கல்லானால், ஜாயின்ட்டை அடைக்கும் கிரவுட் போடுவதற்கு முன்பே ஒரு கோட் சீலர் அடியுங்கள், கிரவுட் சாயம் கல்லில் இறங்காது. கிரவுட் எபாக்ஸி என்ற பிசின் வகையாக இருக்கட்டும். கிரானைட் ஆசிடைத் தாங்கினாலும் சிமென்ட் கிரவுட் தாங்காது. ஜாயின்ட் கரைந்து தண்ணீர் கீழே இறங்கும்.

சீலர் அடித்த கல்லில் வருடம் ஒருமுறை அதே தண்ணீர்ச் சொட்டு சோதனையைச் செய்யுங்கள். இறங்கினால் மறுபடி அடிக்க வேண்டும். குளித்து முடித்தவர் வைப்பரால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு வந்தால் உப்பு படிவது வெகுவாகக் குறையும். எங்கள் வீட்டில் இப்போது வைப்பர் ஷவர் குழாய்க்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. மிஞ்சிய இரண்டு மூன்று கற்களைப் பரணில் போட்டு வைத்திருக்கிறோம்.